மீன்பாசி: கண்மாய் ஊட்டியதும் மூட்டை ஊட்டுவதும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். குறிப்பாக, பண்ணைக்குட்டை வெட்டி மீன் விட்டிருக்கும் நம்ம ஊர்த் தம்பிகள் படிக்க வேண்டும்.

சித்தன்னவாசல் போனவர்கள் அந்தத் தாமரைக் குளத்தை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். 9ஆம் நூற்றாண்டு ஓவியம். பூப்பறிக்கும் ஆட்கள், அன்னம், யானை, எருமை, இடையிடையே மீன்கள். பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகும்போது, "இந்த மீனுக்கெல்லாம் யார் சாப்பாடு போட்டது?" என்று கேட்பேன். முழிப்பார்கள். யாராவது ஒரு பிள்ளை எருமையைக் காட்டும். அதுதான் சரியான விடை. எருமை இறங்கினால் சாணி விழும். சாணி கரைந்தால் தண்ணீரில் பாசி பிடிக்கும். பாசியைக் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் தின்னும். இரண்டையும் மீன் தின்னும். ஓவியன் அழகுக்காகத்தான் வரைந்திருப்பான். ஆனாலும் ஒரு குளத்தின் சமையல்கட்டு முழுவதும் அந்த விதானத்தில் இருக்கிறது.

நம்ம பக்கம் கண்மாயில் மீன்பிடி உரிமையை ஏலம் விடுவதை 'மீன்பாசி ஏலம்' என்றுதான் சொல்கிறோம். இடைக்காலக் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்று ஒரு வரி வருகிறது. குளத்து மீன்பிடி உரிமைக்கான வரி என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். மீனுக்கான வரியில் பாசிக்கு என்ன வேலை? என் எண்ணத்தைச் சொல்கிறேன்: மீனையும் அதன் உணவையும் நம் முன்னோர் பிரித்துப் பார்க்கவில்லை. பாசி இருந்தால் மீன் இருக்கும் என்பது அந்த ஒரு சொல்லிலேயே அடங்கிவிட்டது.

அந்தக் காலத்துக் கண்மாய் மீனுக்கு மருந்தும் கிடையாது, தீவனமும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வரும். கெண்டை, கெளுத்தி, விரால், குரவை, அயிரை எல்லாம் தானாகப் பெருகும். கோடையில் வற்றும்போது ஊரே ஊத்தா, கச்சா, பரியோடு இறங்கும். பிறகு கண்மாய் வெயிலில் காய்ந்து வெடிக்கும். நோய்க்கிருமியும் காயும். அடுத்த மழைக்குப் புதுத் தண்ணீர், புது வாழ்க்கை. மீன் குறைவுதான். ஆனால் இருந்த மீன் ஆரோக்கியமாக இருந்தது, அதன் உணவு கலப்பாக இருந்ததால்.

இது எங்கே மாறியது என்று பார்ப்போம். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்தி, குளத்திலேயே கெண்டை மீனை முட்டையிட வைத்தார். அதுவரை மீன்குஞ்சை ஆற்று வெள்ளத்தில்தான் அரித்து எடுக்க வேண்டும். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாக இன்றும் கொண்டாடுகிறார்கள். 1959இல் வெள்ளிக்கெண்டையும் புல்கெண்டையும் வெளிநாட்டிலிருந்து வந்தன. 1971இல் கூட்டு மீன்வளர்ப்புக்கான அகில இந்திய ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். ஒரு ஹெக்டேருக்கு 5,000 குஞ்சு என்பது அன்றைய கணக்கு.

இவ்வளவு மீனுக்குக் குளம் மட்டும் சோறு போட முடியாது. அதனால் கடலைப் புண்ணாக்கும் தவிடும் சரிபாதி கலந்து போடச் சொன்னார்கள். அதற்கும் முன்னால், குஞ்சைத் தின்னும் விரால், கெளுத்தியை ஒழிக்க ஹெக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு. இலுப்பூர் என்று ஊர்ப்பெயரிலேயே இலுப்பையை வைத்திருப்பவர்கள் நாம். இலுப்பைப் புண்ணாக்கில் உள்ள சபோனின் மீனின் ரத்த அணுக்களை உடைத்துக் கொல்லும். இரண்டு மூன்று வாரத்தில் அந்த நஞ்சு முறிந்து, அதே புண்ணாக்கு குளத்துக்கு உரமாகிவிடும். பாசியையும் வளர்த்துக்கொண்டு மூட்டையையும் பிரித்த காலம் அது. 'துணைத் தீவனம்' என்றுதான் அதற்குப் பெயர். கண்மாய் பெண்டாட்டி சமையல் மாதிரி, புண்ணாக்கு கடைப் பலகாரம் மாதிரி.

பலகாரமே சாப்பாடாக மாறினால் என்ன ஆகும்? இதற்கு வெளிநாட்டுக் கதைகள் இரண்டு.

முதல் கதை 1960. இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. காரணம், பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு. அதிலிருந்துதான் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். அதே சமயத்தில் அமெரிக்க மீன் பண்ணைகளில் டிரௌட் மீன்களுக்குக் கூட்டம் கூட்டமாகக் கல்லீரல் புற்றுநோய். அங்கே குற்றவாளி பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு. நஞ்சு அதே நஞ்சு. ஆலங்குடி, வடகாடு பக்கம் கடலை விளைவிக்கிற நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. ஈரம் பட்ட மூட்டை, பச்சை பூத்த புண்ணாக்கு, "மாடுதான் திங்கலை, மீனுக்குப் போடு" என்கிற பேச்சு, இவை எல்லாமே மீனின் கல்லீரலுக்குப் போய்ச் சேரும் வழிகள்.

இரண்டாவது கதை வைட்டமின் சி. பெரும்பாலான வளர்ப்பு மீன்களுக்கு, நம்மைப் போலவே, இந்தச் சத்தை உடம்பில் தயாரிக்கத் தெரியாது. அமெரிக்காவில் கூண்டுகளில் நெருக்கி வளர்த்த கெளுத்தி மீன்களுக்கு முதுகெலும்பு வளைந்து முறிந்தது. மண்குளத்தில் இயற்கை உணவும் கிடைத்த மீன்களுக்கு அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. பாசியும் பூச்சியும் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்ததைக் கூண்டு பறித்துவிட்டது. அதன் பிறகே தீவனத்தில் வைட்டமின் சேர்ப்பது கட்டாயமானது. அந்த வைட்டமினும் சூட்டிலும் ஈரத்திலும் வீணாகும் என்பதால், கெடாத வடிவத்தில் தயாரிக்க வேண்டி வந்தது. ஆகவே சத்து மருந்தை நான் குறை சொல்லவில்லை. குளம் கொடுக்காததை மூட்டை கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் எது குறைகிறது என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

தெரியாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடற்கரையே சாட்சி. 1990களில் தமிழகக் கடற்கரையில் இறால் பண்ணை மோகம் எழுந்தது. நெல் வயலும் பண்ணையானது, குடிதண்ணீர் உப்பானது. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியது. அதற்கு முன்பே, 1994-95இல், வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகளைக் காலி செய்திருந்தது. அது வைரஸ் நோய். ஆண்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. இது எட்டாம் வகுப்புப் பாடம். இருந்தும் பயத்தில் தீவனத்தோடு ஆண்டிபயாட்டிக்கைப் பிசைந்து போட்டவர்கள் உண்டு. 2000களின் தொடக்கத்தில் குளோராம்பெனிகால், நைட்ரோஃபுரான் எச்சம் இருப்பதாகச் சொல்லி ஐரோப்பா நம் இறாலைத் திருப்பி அனுப்பியது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. அதன் விதிகள் பல ஆண்டிபயாட்டிக்குகளைப் பண்ணையில் தடை செய்தன.

2009இல் வனாமி இறாலுக்கு அனுமதி கொடுத்தபோது, குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லாத தாய் இறாலை மட்டுமே இறக்குமதி செய்யலாம் என்றார்கள். அத்தனை நஷ்டத்துக்குப் பிறகு கற்ற பாடம் இதுதான்: நோயை வாசலிலேயே நிறுத்த வேண்டும், தீவனத் தொட்டியில் நிறுத்த முடியாது.

அடுத்து மாற்றுத் தீவனம். மீன் தீவனத்துக்கு உயிர்நாடி மீன்தூள். பெரு நாட்டு நெத்திலி இனத்திலிருந்துதான் உலகத்துக்கே அது போனது. அங்கே 1970இல் ஒரு கோடி டன்னுக்கு மேல் பிடித்தார்கள். 1972இன் எல்நினோவும் அளவுமீறிய வேட்டையும் சேர்ந்து, 1973இல் அது 20 லட்சம் டன் அளவுக்கு விழுந்தது. அப்போதிருந்தே உலகம் சோயாவுக்கும் மற்றதுக்கும் ஓடுகிறது. நம் விசைப்படகு வலையில் விழும் சங்காயமும் தூளாகித் தீவனத்துக்குத்தான் போகிறது. அதில் ஒரு பகுதி, வளர விட்டிருந்தால் நாமே தின்றிருக்கக் கூடிய மீனின் குஞ்சு. ஆக மாற்று தேவைதான்.

ஆனால் ஒவ்வொரு மாற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. சோயாவைச் சரியாக வேக வைக்காவிட்டால் செரிமானத்தைத் தடுக்கும். சால்மன் போன்ற மீன்களுக்குச் சோயா அதிகமானால் குடல் வீங்கும். நம் கெண்டை இனம் அதைவிடத் தாங்கும். அசோலாவில் புரதம் உண்டு, தொட்டியில் நாமே வளர்க்கலாம். புல்கெண்டைக்கும் திலேப்பியாவுக்கும் பிடிக்கும். ஆனால் முழுச் சாப்பாடாக அதையே போட்டால் வளர்ச்சி குன்றும். பூச்சிப் புழுத்தூளை 2017இல் ஐரோப்பாவே மீன் தீவனத்துக்கு அனுமதித்துவிட்டது. யோசித்துப் பாருங்கள், பாசி, பூச்சி, புழு. கண்மாய் எந்த விலையும் வாங்காமல் கொடுத்ததையே விஞ்ஞானம் சுற்றிவந்து தேடுகிறது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. என்னிடம் படித்த ஒரு பையன், நகையை அடகு வைத்துக் குட்டை வெட்டியவன், போன மாசம் போன் பண்ணினான். "சார், விடியக்காலையில மீனு எல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. கடையில எதிர்ப்புச் சக்தி டானிக்குன்னு நாலு டப்பா குடுத்தாங்க. போட்டும் சாகுது." மீன்வளத் துறை அலுவலரைக் கூப்பிடச் சொன்னேன். வந்து பார்த்தவர் தண்ணீரைச் சோதித்துவிட்டுச் சொன்னது: நோய் இல்லை, மூச்சுத் திணறல். தின்றது போக மிஞ்சிய தீவனம் அடியில் அழுகி, ராத்திரியில் ஆக்சிஜனைத் தின்கிறது. தீவனத்தை நிறுத்தி, புதுத் தண்ணீர் விட்டார்கள். மூன்றாம் நாள் சாவு நின்றது. டானிக் டப்பாவுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

தம்பிகளே, மஞ்சள், பூண்டு, ஈஸ்ட், புரோபயாட்டிக் என்று எத்தனையோ ஆய்வுகள் நடக்கின்றன. தொட்டியில் நல்ல பலன் காட்டியவையும் உண்டு. தொட்டியில் காட்டியது குட்டையில் காட்டும் என்று உறுதியில்லை. டப்பாவை வாங்கும் முன் மூன்றைக் கேளுங்கள். என் குட்டைத் தண்ணீர் இன்று பச்சையாக இருக்கிறதா, அழுகல் நாற்றம் அடிக்கிறதா? என் தீவனத்தில் பூஞ்சை உண்டா? இந்த மருந்து எந்தக் குறையை நிரப்புகிறது என்று விற்பவருக்குச் சொல்லத் தெரிகிறதா? மூன்றாவதற்குப் பதில் வரவில்லை என்றால் பணத்தை மடியிலேயே வையுங்கள்.

உங்கள் ஊர்க் கண்மாயில் முன்பு என்னென்ன மீன் கிடைத்தது, இப்போது எது கிடைக்கிறது என்று பெரியவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். யாரும் எழுதி வைக்காத கணக்கு அது.