நடு ஸ்பீக்கரும் மாய நடுவும்

எங்கள் வீட்டு ஹாலில் அம்மாவின் இடம் சோபாவின் இடது ஓரம். படம் ஓடும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "அவன் என்னடா சொன்னான்?" என்று கேட்பார். நடுவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எல்லா வசனமும் கேட்கும். அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் அவர் இடத்தில் நான் உட்கார்ந்து பார்த்தபோது எனக்கும் பாதி வசனம் புரியவில்லை.

அப்போது எங்களிடம் இருந்தவை இரண்டு ஸ்பீக்கர்கள் மட்டும். ஒரே குரலை இரண்டிலும் சம அளவில் விட்டால், சரியாக நடுவில் இருப்பவருக்கு அது டிவியிலிருந்தே வருவதுபோல இருக்கும். அங்கே ஸ்பீக்கரே கிடையாது. அது ஒரு மாய நடு. ஓரத்துக்கு நகர்ந்தால் அருகிலுள்ள ஸ்பீக்கரின் ஒலி முந்திக்கொள்ளும். ஒலி ஒரு மில்லி விநாடியில் கடக்கும் தூரம் சுமார் 34 செ.மீ. அவ்வளவு வித்தியாசம் போதும், குரல் அந்தப் பக்கத்துப் பெட்டிக்குள் போய்விடும்.

நடுவில் இருப்பவருக்கும் சேதாரம் உண்டு. இடது ஸ்பீக்கரின் ஒலி இடக்காதைத் தொட்ட பிறகு, வலது ஸ்பீக்கரிலிருந்து அதே ஒலி தலையைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ கால் மில்லி விநாடி தாமதமாக அதே காதுக்கு வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்து 2,000 ஹெர்ட்ஸை ஒட்டிப் பள்ளம் விழுகிறது. மெய்யெழுத்துகளைக் காது பிரித்தறிய உதவும் பகுதி அது. தமிழில் ல, ள, ழ வேறுபாட்டுக்கும் அங்கே பங்கு உண்டு. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அந்தப் பள்ளத்தை ஓரளவு தூர்க்கும், அவ்வளவுதான்.

நடுவுக்கென்றே தனி ஸ்பீக்கர் வைக்கும் எண்ணம் பழையது. 1933 ஏப்ரலில் பிலடெல்பியாவில் வாசித்த இசைக்குழுவை, பெல் ஆய்வகத்தார் தொலைபேசிக் கம்பி வழியாக வாஷிங்டன் அரங்கில் இடம், நடு, வலம் என மூன்று தடங்களில் ஒலிக்கவிட்டார்கள். இன்றும் தியேட்டரில் துளையிட்ட திரைக்குப் பின்னால் நடு ஸ்பீக்கர் நிற்கிறது. ஓர இருக்கைக்காரருக்கும் குரல் நடிகரின் முகத்திலிருந்து வருகிறது. ஆறு தடங்கள் கொண்ட 5.1 ஒலிக்கலவையில் வசனத்தின் பெரும்பகுதி இந்த ஒரு தடத்தில்தான் இருக்கும். அதனால் அதை மட்டும் 2, 3 டெசிபல் கூட்டலாம். மாய நடுவில் வசனத்துக்காக வால்யூமை ஏற்றினால் பின்னணி இசையும் சேர்ந்து ஏறும். எனக்கு மிகப் பெரிய வித்தியாசமாகப் படுவது இதுதான்.

ஆனால் தப்பாக வைத்த நடு ஸ்பீக்கரைவிட மாய நடுவே மேல். டிவி அலமாரியின் உள்ளே தள்ளி வைத்தால் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் இருக்கும். பெட்டியை விளிம்புவரை இழுத்து, முகப்பைக் காது மட்டத்துக்குச் சற்று நிமிர்த்த வேண்டும். கீச்சொலிக்கான ட்வீட்டரின் இருபுறமும், தாழ்ந்த ஒலிக்கான ஒரே மாதிரி இரண்டு வூஃபர்கள் படுத்திருக்கும் வகைப் பெட்டியில், ஓரத்தில் இருப்பவருக்கு அவற்றின் ஒலிகள் ஒன்றையொன்று அழிக்கும். மாய நடுவின் நோயே திரும்பி வரும். ட்வீட்டருக்கு நேர்கீழே இடைப்பட்ட ஒலிக்கான மிட்ரேஞ்ச் உள்ளது கிடைத்தால் அதையே வாங்கலாம்.

தனியாக, நடுவில் அமர்ந்து படம் பார்ப்பவருக்கு நல்ல இரண்டு ஸ்பீக்கர்களே போதும். மிச்சப் பணத்தில், அறையின் எதிரொலி குறைய, கனமான திரைச்சீலையும் தரைவிரிப்பும் வாங்கலாம். நாலு பேர் உட்காரும் ஹாலுக்கு நடு ஸ்பீக்கர்தான். அது இல்லாதவர்கள், ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரின் அமைப்பில் 'நடு ஸ்பீக்கர் இல்லை' என்று மறக்காமல் குறித்துவிட வேண்டும். குறித்தால் வசனத்தை ரிசீவர் இரு பக்கமும் பிரித்து அனுப்பும். மறந்தால் பின்னணி இசை முழங்கும், பேச்சு மட்டும் காணாமல் போகும்.