எவிக்ஷன்

எவிக்ஷன் என்பது, வீட்டிலோ நிலத்திலோ இருப்பவரை அவர் சம்மதத்தை எதிர்பாராது சட்டத்தின் பலங்கொண்டு அப்புறப்படுத்துதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். ‘வெளியே’, ‘வெல்லுதல்’ எனப் பொருள்படும் இரு லத்தீன் கூறுகள் இணைந்து பிறந்த இச்சொல், ஆதியில் வழக்கிலே ஜயித்துச் சொத்தை மீட்டலையே சுட்டியதாதலின், தோற்றவன் ஒருவன் அதன் வேரிலேயே நிற்கிறான். அரசாங்கம் இதனை ‘ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்னும்; ஜனங்களோ ‘காலி பண்ணச் சொல்லிட்டாங்க’ என்பர். பிந்தியதே உண்மைக்கு அருகில் உள்ளது.

பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பம் போன்ற ஊர்களில், புறம்போக்கில் குடியிருப்போர்க்கு இச்சொல் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் ரூபத்தில் வந்து சேரும்: முதலில் 7ஆம் பிரிவின்கீழ்க் காரணம் கேட்கும் நோட்டீசு, பின்னர் 6ஆம் பிரிவின்கீழ் வெளியேற்றம். குப்பம் என்பதற்கே சிறு குடியிருப்பு என்று அர்த்தமிருக்க, அங்குள்ள குடிசையின் கதவில் பசையிட்டு ஒட்டப்படும் ஒற்றைத் தாளே பல குடும்பங்கள் அறிந்த சட்டப் புத்தகம். ஏரி, குளங்களுக்கென 2007இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், உயிர்வாழும் உரிமையில் ஜீவனோபாயமும் அடங்கும் என்று கூறியது. ஆயினும் அகற்றுதலைத் தடுக்கவில்லை. சென்னை நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்டோர் பலர் இன்று கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வசிக்கின்றனர்.