தாராதேவியின் வலக்கை

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே, கிழக்குக் கரையில் எங்கோ கிடைத்த, பௌத்தப் பெண்தெய்வமான தாராதேவியின் சிலை இன்று லண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டு வெண்கலம். கெட்டியாக வார்த்துப் பொன்முலாம் பூசியது. உயரம் 143 சென்ரிமீற்றர். 1812 முதல் 1820 வரை இலங்கைத் தேசாதிபதியாக இருந்த ரொபேர்ட் பிரவுன்ரிக் 1830இல் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். எந்த ஊர், எந்தக் கோயில் என்ற விவரம் சிலையுடன் போகவில்லை. இன்று படத்தில் நடக்கும், இந்தச் சிலையை வெட்டும் வேலை அப்போதே தொடங்கிவிட்டது; முதலில் வெட்டுப்பட்டது அதன் ஊர்.

லண்டனிலும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அது பொதுப் பார்வைக்கு வைக்கப்படவில்லை. மார்பு மூடாத, இடை சிறுத்த உருவம் அக்கால ரசனைக்கு ஒவ்வாததே காரணம் என்பர். ஆனால் இவள் யாரென்று சொல்பவை வேறு. தொடையருகே தாழ்ந்து உள்ளங்கை விரிந்த வலக்கை வரத முத்திரை காட்டுகிறது. கேட்பவருக்குக் கொடுக்கும் கை அது. உயர்ந்த முடியில் ஒரு குழிவு உண்டு. அதில் சிறு புத்தர் உருவம் இருந்திருக்கலாம். இணையத்தளத்தின் சதுரச் சட்டத்துக்காகச் சிலையின் படத்தை வெட்டி, இடைக்கு மேலே மட்டும் எடுத்தால் கை போய்விடும்; நடுப்பகுதியை எடுத்தால் முடியும் முகமும் போய்விடும். எப்படி வெட்டினாலும் மிஞ்சுவது, அன்று ஒளித்துவைக்கக் காரணமான அந்த உடல்தான்.

கைபேசித் திரையில் முழுச் சிலை ஈர்க்குப்போலத் தெரியும் என்பது நியாயமான மறுப்பு. அதற்கு இருபுறமும் வெற்றிடம் விட்டு முழு உருவத்தைச் சட்டத்துள் வைக்கலாம், தொட்டால் பெரிதாகட்டும். வார்ப்பையும் முலாமையும் ஆராய அண்மைப் படம் வேண்டும் என்பதும் சரியே. கலை நூல்களில் உள்ள வழக்கப்படி அதன் கீழ் ‘பகுதி’ என்று எழுதி, முழுப் படத்துக்குப் பின்னால் வைத்தால் போதும். நேரில் பார்ப்பவரும் முகத்தருகே போய்த்தானே பார்க்கிறார் என்று கேட்கலாம். அவர் நினைத்தால் இரண்டடி பின்வாங்கி முழுதும் பார்ப்பார். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே எழுவான்கரையில், களுவாஞ்சிக்குடியில் இருந்து பார்ப்பவருக்கு அந்த வசதி இல்லை. தன் கரையில் கிடைத்த சிலையைப் படத்தில் மட்டுமே காணக்கூடியவர் அவர். முழு உருவமும், கிடைத்த கரையின் பெயரும் முதற்படத்திலேயே அவருக்குக் கிடைக்க வேண்டும். சிலையை வைத்திருப்பவர்களின் கடமை அது.