வெள்ளீயத் தாள் தொப்பியும் ரேடியோ அலைகளும்

உலோகத் தாளால் செய்த தொப்பியை அணிந்தால் ரேடியோ அலைகள் தலைக்குள் நுழையாது என்பது மேலை நாடுகளில் பரவிய ஒரு நம்பிக்கை. இன்று அது அங்கே கேலிச் சொல்லாகவும் வழங்குகிறது. உலோகம் அலையைத் தடுக்கும் என்பது உண்மை. தொப்பி தடுக்கும் என்பதுதான் தவறு. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள உதவும் சோதனைகள் 19ஆம் நூற்றாண்டிலேயே நடந்துவிட்டன. அவற்றுள் ஒன்று கொல்கத்தாவில் நடந்தது.

ஃபாரடேயின் அறை

1836இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே 12 அடிக் கனசதுர அறை ஒன்றை அமைத்தார். மரச்சட்டத்தின் மேல் செம்புக் கம்பியும் வெள்ளீயத் தாளும் சுற்றப்பட்டிருந்தன. வெளிப்புறத்துக்கு வலுவான மின்னூட்டம் கொடுத்துவிட்டுக் கருவிகளுடன் உள்ளே சென்று பார்த்தார். உள்ளே மின்விளைவு எதுவும் தென்படவில்லை. எல்லாப் பக்கமும் மூடிய உலோகக் கூடு காப்பளிக்கும் என்பது உறுதியாயிற்று.

போஸின் ரயில் அட்டவணை

கொல்கத்தா மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ், 1895இல் கம்பியில்லா அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தும், வெடிமருந்தை வெடிக்கச் செய்தும் காட்டினார். அவர் கையாண்டவை சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகள். பிராட்ஷா ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகி, அதன் வழியே அலையைச் செலுத்தினார். ஒரு திசையில் அதிரும் அலையை அந்தப் புத்தகம் தடுத்தது. அதற்குச் செங்குத்தாக அதிரும் அலையை உள்ளே விட்டது. தாள் ஒன்றுதான், அது எப்படி வைக்கப்படுகிறது என்பதே விளைவை முடிவு செய்தது.

தொப்பி ஏன் போதாது?

சமையலறை அலுமினியத் தாளின் தடிமன் ஏறக்குறைய 0.01 மி.மீ. கைப்பேசி அலையைத் தடுக்க அதுவே தாராளம். ஆனால் 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 செ.மீ. அது விளிம்பில் வளைந்தும், சுவரிலும் தரையிலும் எதிரொலித்தும், முகம், கழுத்து வழியாக வந்து சேரும். செஞ்சியில் மூன்று மலைகளையும் மதில் இணைத்து வளைத்திருப்பதால்தான் அது கோட்டை. மலையுச்சியில் கூரை மட்டும் போட்டால் பகைவரைத் தடுக்க முடியுமா?

2005இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் சிலர், பாதி விளையாட்டாக, இத்தகைய தொப்பிகளை அளந்து பார்த்தனர். சில அலைவரிசைகளில் தொப்பி அலையைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டியது.

இன்றைய தொப்பிகள்

கைப்பேசியில் ஒட்டும் 'கதிர்வீச்சுத் தடுப்பு' வில்லைகளும் இந்த வகையே. வில்லை அலையை ஓரளவு மறைத்தால், கோபுரத்தை எட்டுவதற்காகக் கைப்பேசி தன் ஆற்றலைக் கூட்டும். 2020 அக்டோபரில் ராஷ்டிரிய காமதேனு ஆயோக் தலைவர் வல்லபாய் கதிரியா, பசுஞ்சாணத்தாலான வில்லை கதிர்வீச்சைக் குறைக்கும் என்றார். அதற்குச் சான்று தருமாறு நூற்றுக்கணக்கான அறிவியலாளர்கள் கேட்டனர்.

அச்சத்துக்கு வில்லை மருந்தல்ல. அளவும் வரம்புமே மருந்து. 2012 செப்டம்பர் முதல் இந்தியாவில் கோபுரக் கதிர்வீச்சு வரம்பு, பன்னாட்டுப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்காக்கப்பட்டது. கைப்பேசிக்குத் திசு கிலோகிராமுக்கு 1.6 வாட் என்பது வரம்பு.

மாணவர்கள் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கைப்பேசியை அலுமினியத் தாளில் இடைவெளியின்றிப் பல சுற்றுச் சுற்றி, வேறொரு கைப்பேசியிலிருந்து அழைத்துப் பாருங்கள். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு மறுபடி அழையுங்கள்.