கவுலும் கணக்கும்: செங்கல்பட்டுச் சீமை ஏரிகளில் பல்லுயிர் அளவீட்டின் வரலாறு

பாலாற்றுக்கு வடக்கே காஞ்சிபுரத்தை ஒட்டி ஏனாத்தூர். தெற்கே மதுராந்தகம் பக்கம் வேடந்தாங்கல். நேர்கோட்டில் நாற்பது கிலோமீட்டருக்குள் அடங்கும் தொலைவு. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும்வரை இரண்டும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. வேடந்தாங்கல் உலக அளவில் பெயர் பெற்றது. ஏனாத்தூர் ஏரி சரணாலயமும் அல்ல, பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக ஏற்கப்பட்ட ராம்சர் தலமும் அல்ல. இவ்வேறுபாட்டுக்கு அளவீட்டின் வரலாற்றிலும் ஒரு காரணம் உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். காக்கும் வழக்கம் இங்கே முதலில் வந்தது. அளக்கும் முறை பின்னால் வந்தது. முறை நுட்பமாக ஆக, அதன் பார்வை ஏரிக்கரையோடு நின்றுவிட்டது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாகீராக இருந்த இச்சீமையின் கலெக்டராக லயனல் பிளேஸ் இருந்த காலத்தில், வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக் கூடாதென்று கவுல் என்னும் எழுத்துவழி உறுதிமொழி பெற்றனர். 1858இல் அந்த உரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. ஊர்மக்கள் எந்த எண்ணிக்கையையும் காட்டி வாதாடவில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலில் நெல் செழிப்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். விளைச்சலே அவர்களுடைய அளவுகோல். அறிவியல் நோக்கில் அது துல்லியமற்றதுதான். ஆனால் ஏரி, மரம், பறவை, வயல் நான்கையும் பிரிக்காமல் ஒன்றாகப் பார்த்தது அது மட்டுமே என்பேன்.

19ஆம் நூற்றாண்டின் இயற்கையியலர் இனங்களைப் பெயரிட்டுப் பட்டியலிட்டனர். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராணுவ மருத்துவர் ஜெர்டனின் இந்தியப் பறவைகள் நூல் 1862 முதல் வெளிவந்தது. எத்தனை இனம் என்ற கேள்விக்கு அதனால் விடை கிடைத்தது. எந்த இனம் எவ்வளவு என்பதற்குக் கிடைக்கவில்லை.

அந்த இரண்டாம் கேள்வியைக் கணிதமாக்கிய முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று, மலாயாவின் வண்ணத்துப்பூச்சிச் சேகரிப்பைக் கொண்டு ஃபிஷர், கார்பெட், வில்லியம்ஸ் மூவரும் 1943இல் வெளியிட்டது. 1949இல் சிம்சன், ஒவ்வோர் இனத்தின் பங்கையும் வர்க்கமாக்கிக் கூட்டும் தம் குறியீட்டைத் தந்தார். இரண்டு ஏரிகளில் நான்கு நான்கு இனமாக, நூறு நூறு பறவைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் ஏரியில் நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா ஒவ்வொன்றும் 25. இரண்டாவதில் நத்தைகுத்தி நாரை மட்டும் 97, மற்ற மூன்றிலும் ஒவ்வொன்று. பட்டியலில் இரண்டும் சமம். சிம்சன் கணக்கின் தலைகீழ் மதிப்பை எடுத்தால் முதல் ஏரிக்கு 4, இரண்டாவதற்கு ஏறத்தாழ 1.06. ஓர் இனம் பெருகி மற்றவை மங்கும்போது, மொத்த எண்ணிக்கை மறைத்துவிடுவதை இந்த எண் காட்டிவிடும்.

1960இல் விட்டேக்கர் இன்னொரு வாசலைத் திறந்தார். ஓரிடத்துக்குள் உள்ள பன்மை ஆல்பா. இடத்துக்கு இடம் மாறும் பன்மை பீட்டா. வட்டாரம் முழுவதற்குமான பன்மை காமா. செங்கல்பட்டுச் சீமைக்கு மிகவும் பொருந்துவது இதுவே. ஆழமான ஏரி, கோடையில் வற்றும் தாங்கல், சேற்று விளிம்பு, நெல்வயல் என ஒவ்வொன்றிலும் வேறு வேறு பறவை. ஏனாத்தூர் போன்ற ஏரிகளின் மதிப்பு அவை தனித்தனியே தரும் ஆல்பாவில் சிறிதாகத் தெரியலாம். வட்டாரத்தின் காமாவுக்கு அவை சேர்ப்பது என்ன என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

சட்டம் பெரும்பாலும் தனித்தனி ஏரியையே பார்த்தது. வேடந்தாங்கல் 1936இல் சரணாலயமாக ஏற்கப்பட்டது. 1998 அறிவிக்கை ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டரையும் உள்ளடக்கியது விதிவிலக்கு. அதையும் மூன்றாகக் குறைக்க 2020இல் முன்மொழிவு வந்து எதிர்ப்பைச் சந்தித்தது. 2022இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சர் தலங்களாயின. இருபதாயிரம் நீர்ப்பறவைகள் வழக்கமாகத் தங்குவது, ஓர் இனத்தின் மொத்தத்தில் ஒரு சதவீதம் தங்குவது ஆகியவை ராம்சரின் அளவைகளில் சில. கூட்டமாகச் சேரும் இடங்களுக்கு இவை சாதகமானவை. சிதறி இரை தேடும் இடங்கள் இவற்றின் கண்ணில் எளிதில் படா.

நத்தைகுத்தி நாரை கூடு கட்டுவது ஏரி மரத்தில். குஞ்சுக்கான நத்தையைப் பொறுக்குவதோ சுற்றுவட்டார வயலிலும் குட்டையிலும். வயல் மனையானால் முதல் ஆண்டில் கூடுகளின் எண்ணிக்கை குறையாமலே இருக்கலாம். தேறும் குஞ்சுகள்தான் குறையும். கூடுகளை மட்டும் எண்ணும் கணக்கெடுப்பில் அந்த இழப்பு பதிவாகாது.

நிலைமை மாறி வருகிறது. 2015 முதல் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் நாட்களில் தத்தம் ஊரிலேயே பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30,000 பேரின் மூன்று கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டு, 178 இனங்களை உடனடிக் கவனத்துக்குரியவையாக வகைப்படுத்தியது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் வழி வந்த மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஊர்மக்களின் அறிவையும் ஆவணமாக்குகிறது. ஏனாத்தூர் ஏரிக்கு உடனே தேவைப்படுவது எளிய வேலை: மாதந்தோறும் ஒரே நேரத்தில், ஒரே கரையிலிருந்து, ஒரே கால அளவில் கணக்கெடுப்பு, கூடவே நீர்மட்டமும் சுற்றுவயலின் பயிரும். பக்கத்து ஏரிகளிலும் அதே நாளில் இதைச் செய்தால், பாலாற்றின் இருகரையிலும் பீட்டாவைக் கணக்கிட முடியும்.