முயலும் கிவியும்: ஆக்லாந்தில் படைப்பின் புதுப்பிப்பு என்னும் சிக்கல்

படைப்பின் முடிவைக் குறித்துப் புதிய ஏற்பாடு ஒரே குரலில் பேசுவதில்லை. படைப்பு முழுவதும் அழிவின் அடிமைத்தனத்திலிருந்து விடுபடக் காத்துத் தவிக்கிறது என்கிறது ரோமர் 8. விண்ணிலும் மண்ணிலும் உள்ள யாவும் கிறிஸ்துவின் வழியாக ஒப்புரவாகும் என்கிறது கொலோசெயர் 1:20. 2 பேதுரு 3-ஆம் அதிகாரமோ வானங்கள் வெந்தழிவதைச் சொன்ன பிறகே புதிய வானத்துக்கும் புதிய பூமிக்கும் வருகிறது. பொருளுலகை இழிவாகக் கண்ட ஞானவாதிகளை எதிர்த்து இரண்டாம் நூற்றாண்டில் இரேனியுஸ் முதல் குரலின் பக்கம் நின்றார். ஆனால் பிற்காலப் பக்தி மரபில் ஆன்மாவின் மீட்பே மேலோங்கியது; விலங்குகளுக்கும் விடுதலையில் பங்குண்டு என்ற ஜான் வெஸ்லியின் 1781-ஆம் ஆண்டுப் பிரசங்கம் விதிவிலக்காகவே நின்றது. 1961-இல் புது தில்லியில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றப் பேரவையில் ஜோசப் சிட்லர் என்ற லுத்தரன் இறையியலாளர் கொலோசெயர் பகுதியை மீண்டும் நடுவில் கொண்டுவந்து வைத்தார். பூமியின் வாழ்வைப் பேணிப் புதுப்பிப்பதைத் திருச்சபைப் பணியின் ஐந்தாவது அடையாளமாக ஆங்கிலிக்கன் திருச்சபைகள் 1990-இல் சேர்த்துக்கொண்டன.

அப்போதிருந்து ‘புதுப்பித்தல்’ பிரசங்க மேடைகளில் தடையின்றிப் புழங்குகிறது. எதை, எந்த நிலைக்குப் புதுப்பிப்பது என்று கேட்பவர் குறைவு. அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாத ஊர்களில் ஒன்று நியூசிலாந்தின் ஆக்லாந்து.

வௌவால்களை விட்டால் அந்நாட்டுக்குச் சொந்தமான நிலவாழ் பாலூட்டிகள் இல்லை. மாவோரி மக்களோடு நாயும் கியோரே எனப்படும் பசிபிக் எலியும் வந்தன. ஐரோப்பியருடன் மற்றவை வந்தன. மென்மயிருக்காக 1837-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பாஸம் என்ற விலங்கு கொண்டுவரப்பட்டது. முயல்கள் பெருகி மேய்ச்சல் நிலத்தை அழித்தபோது, அவற்றைத் தின்னட்டும் என்று 1880-களில் ஸ்டோட் என்ற கீரி போன்ற ஊனுண்ணியை இறக்கினார்கள். அது முயலோடு நிற்கவில்லை. கிவி போன்ற பறக்கத் தெரியாத பறவைகளின் குஞ்சுகளையும் தின்றது. அயல்நாட்டு உயிரினங்களைக் கொணர்ந்து பழக்குவதற்கென்றே ஆக்லாந்தில் 1867-இல் ஒரு சங்கம் அமைந்திருந்தது. காட்டை வெட்டிப் புல்வெளியாக்குவது பூமியைக் கீழ்ப்படுத்தச் சொன்ன ஆதியாகமம் 1:28-ஐ நிறைவேற்றுவதே என்ற எண்ணம் குடியேறிகளிடையே பரவலாக இருந்தது. படைப்பை மேம்படுத்துவதாகவே அவர்கள் நம்பினார்கள்.

இன்று அதே நகரின் அருகே வேலை தலைகீழாக நடக்கிறது. ஹௌராக்கி வளைகுடாவில் 220 ஹெக்டேர் பரப்புள்ள டிரிட்டிரி மட்டாங்கி தீவில் 1971-இல் பண்ணைத்தொழில் நிறுத்தப்பட்டது. 1984 முதல் 1994 வரை தன்னார்வலர்கள் அங்கே ஏறக்குறைய 2,80,000 மரக்கன்றுகளை நட்டனர். 1993-இல் நச்சிரை தூவி கியோரே ஒழிக்கப்பட்ட பின், அருகிவந்த பறவைகளுக்கு அது பாதுகாப்பான வாழிடமாயிற்று. எலி, ஸ்டோட், பாஸம் ஆகியவற்றை நாடு முழுவதும் 2050-க்குள் ஒழிக்கும் திட்டத்தை அரசு 2016-இல் அறிவித்தது. கிவியின் குரல் மீள வேண்டுமென்றால் பொறியும் நஞ்சும் தேவை. ஆதலால் படைப்பின் புதுப்பிப்பு இங்கே கொலையின் வழியாக வருகிறது. சுற்றுச்சூழல் இறையியல் நூல்கள் பலவும் இந்த இடத்தில் பேச்சை மாற்றிவிடுகின்றன.

ஆனால் அந்நாட்டு ஆங்கிலிக்கன் திருச்சபை 1989-இல் வெளியிட்ட மன்றாட்டு நூலில் ஒரு பாடல் உண்டு. தானியேல் நூலின் கிரேக்கப் பகுதியில் மூன்று இளைஞர் பாடும் துதிப்பாடலின் வழியில் அமைந்தது. கௌரி மரத்தோடு பைனையும், கிவியோடு சிட்டுக்குருவியையும், கூடவே முயலையும் கடவுளைப் போற்ற அது அழைக்கிறது. பைனும் சிட்டுக்குருவியும் முயலும் வந்தேறிகள். முயலைப் பீடையென்றே உழவர் கருதுகின்றனர். வழிபாட்டில் போற்றும் குழுவில் நிற்கும் உயிரைத்தான் மறுநாள் ஒழிக்க வேண்டியிருக்கிறது. இதை முரண்பாடென்று தள்ளுவதைவிட, மூல நிலைக்குத் திரும்புதலே புதுப்பித்தல் என்ற கொள்கைக்கு எழுந்த மறுப்பாகக் கொள்வதே பொருந்தும். எந்த ஆண்டை மூல நிலையென்று கொள்வது? கேப்டன் குக் வந்த 1769-ஐ எடுத்தால் அப்போதே கியோரே உண்டு, மோவா பறவை அற்றுப்போயிருந்தது.

மனிதன் படைப்பின் கண்காணிப்பாளன் என்ற உருவகமும் முழுமையாகக் கைகொடுப்பதில்லை. ஸ்டோட்டைக் கொண்டுவந்தவர்களும் தங்களைப் பொறுப்பாளர்களாகவே எண்ணினார்கள். ஆங்கிலிக்கன் குருவும் மாவோரி அறிஞருமான மாவோரி மார்ஸ்டன் (1924–1993) மனிதரை நிலத்தின் உரிமையாளராகவன்றி, பூமித்தாயோடு வம்சாவளியால் இணைந்தவராகக் கண்டார். உறவினர் என்ற நிலையிலிருந்து நோக்கினால் கொல்வது எளிதாகிவிடுவதில்லை. அதன் கனம் மறைவதுமில்லை.

ஆக்லாந்தில் பணியாற்றிய நிக்கோலா ஹோகார்ட் கிரீகன் விலங்குகளின் துன்பம் பற்றிய தம் நூலில் (2013) கோதுமையும் களையும் பற்றிய உவமையை இயற்கைக்குப் பொருத்திக் காட்டுகிறார்: நன்மையும் கேடும் அதில் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. பொறி வைப்பவர் அந்த உவமை தடுப்பதையே செய்கிறார் என்று இங்கு ஒருவர் மறுக்கலாம். மறுப்பு வலுவானதே. ஆனால் அறுவடைக்கு முன் களையைப் பிரிப்பவன் தன் தீர்ப்பை இறுதித் தீர்ப்பென்று எண்ணும்போதுதான் உவமை அவனைக் கண்டிக்கிறது. ஏசாயா 11-இல் ஓநாய் ஒழிக்கப்படுவதில்லை, ஆட்டுக்குட்டியோடு தங்குகிறது. ஆகவே டிரிட்டிரி மட்டாங்கியின் பறவைக்குரலை வரவிருக்கும் புதுப்படைப்பின் முன்சுவை எனலாம். அதைக் கொண்டுவந்த நச்சிரையை அப்படிச் சொல்லலாகாது. அது இவ்வுலகத்தின் தேவை, அவ்வளவே.

மனித முடிவின் இந்தத் தற்காலிகத்தன்மை ஓவைராக்கா எரிமலைக் குன்றில் பகிரங்கமாயிற்று. உள்நாட்டு மரங்களை நடுவதற்காக 345 அயல் மரங்களை வெட்டும் திட்டத்தை எதிர்த்து 2019-இல் மக்கள் அங்கே முகாமிட்டனர். மாநகர மன்றம் பொது அறிவிப்பின்றி அளித்த அனுமதி செல்லாதென்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. குன்றை மீட்க விரும்பிய மாவோரியரின் ஏக்கமும், நிழல்தந்த மரத்தை இழக்க மறுத்த குடிமக்களின் பற்றும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை.

வைட்டாக்கெரே மலைக்காட்டில் வேறொரு வழி தெரிகிறது. கௌரி மரத்தை வேரிலிருந்து அழுகச் செய்யும் நுண்ணுயிர், காலணியில் ஒட்டும் மண்ணோடும் பரவுகிறது. 2017 டிசம்பரில் டெ கவெராவ் ஆ மகி இனத்தார் அக்காட்டுக்கு ராஹுயி விதித்தனர். மனிதர் உள்ளே செல்லலாகாது என்ற மரபுத் தடை அது. காட்டுப் பகுதியை மாநகர மன்றம் 2018 மே மாதம் முறைப்படி மூடியது. ராஹுயி கிறிஸ்தவ வழக்கமன்று. ஆயினும் நிலத்துக்கு ஏழாம் ஆண்டில் ஓய்வு கேட்கும் லேவியராகமம் 25-க்கும், படைப்பின் மகுடம் மனிதனல்ல, ஓய்வுநாளே என்ற யூர்கன் மோல்ட்மனின் 1985-ஆம் ஆண்டு வாதத்துக்கும் அது அருகில் நிற்கிறது. யாவற்றையும் புதிதாக்குவதாக வெளிப்படுத்தின விசேஷம் 21:5-இல் சொல்பவர் சிங்காசனத்தில் வீற்றிருப்பவர். அந்த வினைக்கு மனிதர் எழுவாய் அல்லர். நோய் கண்ட கௌரிக்கு முழுக் குணம் தரும் மருந்து இல்லை; பாஸ்பைட் ஊசி நோயின் வேகத்தைக் குறைக்கிறது. சீரமைக்கப்பட்ட சில பாதைகள் பிறகு திறக்கப்பட்டன. அவற்றின் வாயிலில் காலணியைத் தேய்த்துக் கழுவிய பிறகே நடப்பவர் உள்ளே நுழையலாம்.