நால்வர் குழுவின் கணக்கு: நெகிரி செம்பிலான் தோட்டப்புற இளைஞரும் கொரிய இணைய விளையாட்டுச் சுவையும்

பலர் கூடி ஆடும் இணையப் பாத்திர விளையாட்டுகளில் கொரியச் சுவை வேறு, மேற்கத்தியச் சுவை வேறு என்பதைப் பண்பாட்டு மனநிலையைக் கொண்டே விளக்கும் ஆய்வுப் போக்கு ஒன்று நெடுநாளாக நிலைபெற்றிருக்கிறது. கொரிய ஆட்டக்காரர் கூட்டத்தை நாடுபவர், படிநிலைக்குப் பணிபவர், ஒரே வேட்டையைச் சலிக்காமல் செய்பவர். மேற்கத்தியர் தனித்து அலைபவர், கதை தேடுபவர் என்பது அதன் சாரம். இந்த வாய்பாட்டை மலேசியத் தமிழரிடம் கொண்டுவந்து பொருத்தும்போது அதிலிருந்து ஒரு கிளை முளைக்கிறது. அதே நிரையில் அதே பால்மரங்களை நாள்தோறும் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கொரிய விளையாட்டின் ஓயாத வேட்டை இயல்பாகவே ஒத்துப்போயிற்றாம். இந்தக் கிளை சான்றுகளுக்கு ஒவ்வாதது என்றே கருதுகிறேன். 2005க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் சிரம்பான், நீலாய், பகாவ் வட்டாரத் தோட்டப்புற இளைஞர் மேப்பிள்ஸ்டோரி என்ற கொரிய விளையாட்டில் எதை விரும்பினார்கள் என்பதை நெருங்கிப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது.

ஓயாத வேட்டை கொரியருக்கே உரியது என்ற எடுகோள் முதலில் ஆட்டம் காண்கிறது. 1999இல் அமெரிக்காவில் வெளியான எவர்குவெஸ்ட் ஓர் இடத்தில் முகாமிட்டு, ஒரே மிருகம் மீண்டும் தோன்றும்வரை காத்துக் கிடக்கவைத்த விளையாட்டு. இறந்தால் ஈட்டிய அனுபவப் புள்ளிகளும் குறையும். குழுவில் சேராமல் பெரும்பாலோர் முன்னேற முடியாது. கொரியாவின் லினியேஜ் அதற்கு ஓராண்டு முந்தியது. இரண்டையும் அருகருகே வைத்தால் தெரிவது தேசிய வேறுபாட்டைவிடக் காலத்தின் ஒற்றுமையே. கதையும் பணிகளும் வழிநடத்தித் தனியாளையும் மேலே ஏற்றிவிடும் முறை மேற்கில் பரவலாக வேரூன்றியது 2004 நவம்பரில் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டுக்குப் பிறகுதான். பிற்கால மேற்கையும் முற்காலக் கொரியாவையும் எதிரெதிரே நிறுத்தி அதைப் பண்பாடு என்று அழைப்பது முறையாகாது.

தோட்டத்துப் பிள்ளைகள் கொரியப் பக்கம் சாய்ந்ததற்குப் பணம் ஒரு காரணம் என்பதை எவரும் மறுக்கப் போவதில்லை. ஆகவே சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். வார்கிராஃப்ட்டின் மாதக் கட்டணம் 14.99 அமெரிக்க டாலர். ஒரு டாலர் 3.80 வெள்ளி என்று ரிங்கிட் கட்டப்பட்டிருந்த 2005 ஜூலை வரை அது ஏறத்தாழ 57 வெள்ளி. விளையாட்டின் பெட்டியை வாங்க அதற்கு மேலும் ஏறத்தாழ 190 வெள்ளி. செலுத்துவதற்குக் கடன் அட்டையும் பெரும்பாலும் தேவை. 2005இல் சிங்கப்பூர், மலேசிய ஆட்டக்காரருக்காகத் திறக்கப்பட்ட மேப்பிள்ஸ்டோரிக்கோ நுழைவுக் கட்டணமே இல்லை. தொலைபேசிக் கம்பிவழி வரும் அகலக்கற்றை, பரிமாற்ற நிலையத்திலிருந்து நான்கைந்து கிலோமீட்டரைத் தாண்டினால் வலுவிழந்துவிடும்; செம்பனைக்குள் ஒதுங்கிய லயங்கள் பல அந்த எல்லைக்கு வெளியே இருந்தன. ஆகவே ஆட்டம் நகரத்து சிசியில், அதாவது இணைய மையத்தில், நடந்தது, மணிக் கணக்கில் காசு கொடுத்து.

ஆனால் மலிவு ஒருவரை வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கும். உள்ளே எதன்மீது ஆசை படிந்தது என்பதை அது சொல்லாது. அதை அறிய, சர்ச்சைக்குரிய ஒரு பகுதியை ஊன்றிப் படிக்க வேண்டும். விளையாட்டின் கெர்னிங் சிட்டியில் அன்று நடந்த நால்வர் குழுப்பணியே அது. முதலில் சொன்ன கூட்டுணர்வுக் கோட்பாட்டினர் தங்கள் வாதத்துக்குத் தூணாகக் காட்டுவதும் இதையே: நால்வர் சேராமல் கதவு திறக்காது, ஆகவே இது கூட்டத்தை விரும்பும் ஆசியச் சுவை என்கிறார்கள். விதிகளை வரிவரியாகப் பார்த்தால் இந்த வாசிப்பு நிற்கவில்லை.

அக்காலத்து விதிப்படி 21 முதல் 30 வரையிலான லெவல்காரர்களுக்கு மட்டுமே அனுமதி. வாசலில் நிற்கும் லக்கெலிஸிடம் குழுத்தலைவர் பேச வேண்டும். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு குழுவே உள்ளே இருக்கலாம் என்பதால் அங்கே எப்போதும் நெரிசல். முதல் கட்டத்தில் தலைவரைத் தவிர ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி. மந்திரவாதியாக எத்தனையாவது லெவல் வேண்டும் என்று கேட்டால், விடை எட்டு என்பதால் எட்டுச் சீட்டுகளை முதலைகளைக் கொன்று சேர்க்க வேண்டும். இறுதிக் கட்டத்தில் பெரிய ஸ்லைம் மிருகத்தை வீழ்த்த வேண்டும். இவை இரண்டும் வேட்டைதான். பணியின் உயிர் இடையிலுள்ள மூன்று கட்டங்களில் இருக்கிறது.

இரண்டாம் கட்டத்தில் நான்கு கயிறுகள். மூவர் மூன்றில் தொங்க வேண்டும். சரியான மூன்று எவை என்பது ஒவ்வொரு முறையும் மாறும். தலைவர் உள்ளே நிற்கும் குளோட்டோ என்ற பாத்திரத்திடம் கேட்பார். சரி அல்லது தவறு என்ற விடை மட்டுமே வரும். நான்கில் மூன்றைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 4. மூன்றாம் கட்டத்தில் ஐந்து மேடைகள், வழிகள் 10. நான்காம் கட்டத்தில் ஆறு பீப்பாய்கள், வழிகள் 20. ஓடுகிற கடிகாரத்துக்குள் இவற்றை வரிசை தவறாமல் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் ஒருவர் மட்டும் இடம் மாறும்படி வரிசையை அமைத்தால் நேரம் மிஞ்சும். அந்த வரிசையைத் தலைவர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். தூர இருப்பவர்கள் எண்களைத் தட்டச்சு செய்வார்கள். சிசியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் அமர்ந்த நால்வருக்கு அந்தத் தாமதமும் இல்லை: “மாச்சா, நீ அஞ்சுக்குப் போ, மத்தவன் அசையாதீங்கடா” என்ற ஒரு குரல் போதும்.

இந்த மூன்று கட்டங்களில் ஆயுதத்துக்கு வேலையில்லை. யாருடைய வாள் பெரிது, யார் முன்பண அட்டை வாங்கி விளையாட்டின் கடைப்பொருள் அணிந்திருக்கிறார், யார் விடுமுறை முழுதும் வீட்டிலிருந்தே வேட்டையாடினார் என்பதெல்லாம் கயிற்றில் தொங்கும்போது செல்லாக் காசு. போர்வீரன், வில்லாளி, மந்திரவாதி, திருடன் என்ற தொழில் வேறுபாடும் அங்கே மறைகிறது. வார்கிராஃப்ட்டின் டெட்மைன்ஸ் நிலவறையில் ஐவரில் ஒருவர் அடி தாங்க வேண்டும், ஒருவர் குணப்படுத்த வேண்டும். தொழிலே ஆளின் இடத்தை முடிவுசெய்கிறது. கெர்னிங்கில் ஆளின் இடம் ஓர் எண், அவ்வளவுதான். சொன்ன எண்ணில் நின்றாரா, தவறி நகர்ந்தாரா என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கூட்டத்தில் தனியாள் கரைவதை இதில் நான் காணவில்லை. பணமும் நேரமும் இல்லாத பிள்ளை, அவை இரண்டும் உள்ள பிள்ளைக்குச் சமமாக நிற்கும் இடத்தையே காண்கிறேன். தோட்டப்புற இளைஞரின் சுவை இங்கேதான் படிந்தது என்பது என் துணிபு.

இதற்கு வலுவான சான்று பணிக்கு வெளியே இருக்கிறது. அன்று லெவல் 31 ஆனதும் கெர்னிங் கதவு மூடிவிடும். அடுத்த குழுப்பணியான லூடிபிரியம், அறுவர் சேர்ந்து ஆடுவது, 35இல்தான் திறக்கும். இடைப்பட்ட லெவல்களில் பெரும்பாலும் வேட்டையைத் தவிர வேறு கதியில்லை. வேட்டைதான் சுவையென்றால் அந்த இடைவெளி கொண்டாட்டமாக இருந்திருக்க வேண்டும். அக்காலத்தில் ஆடி, இன்று முப்பதுகளில் இருப்பவர்கள் பேசக் கேட்டால் அந்த லெவல்களை அலுப்போடுதான் நினைவுகூர்கிறார்கள். பலர் புதிய பாத்திரம் தொடங்கிக் கெர்னிங்குக்கே திரும்பியிருக்கிறார்கள். நினைவு பொய்க்கலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் பொய்க்கும் நினைவு எல்லோரிடமும் ஒரே திசையில் பொய்க்க வேண்டிய காரணம் இல்லை.

அந்த நகரங்களின் சீனப் பிள்ளைகளும் இதையே விரும்பினார்களே என்று கேட்கலாம். ஆம், விரும்பினார்கள், பால்மரம் வெட்டாத குடும்பத்தினரும் விரும்பியதை மர வெட்டின் மரபாகக் காட்ட முடியாது என்பதற்கு அதுவே போதும். பண்பாட்டு நெருக்கம் என்ற விளக்கமும் உதவவில்லை. விளையாட்டின் சிங்கப்பூர்-மலேசியப் பதிப்பில் பின்னர் மலேசியா என்றே ஒரு பகுதி சேர்ந்தது: நவநாகரிக மாநகரம், கம்பத்து ஊர், கேளிக்கைப் பூங்கா. அப்பெயர்களில் தோட்டம் இல்லை. தங்கள் மண் வரைபடத்திலேயே இடம்பெறாத விளையாட்டைத்தான் இவர்கள் நேசித்தார்கள்.

மரபுவழி உழைப்புப் பழக்கம் என்ற வாதம் காலக் கணக்கிலும் தவறுகிறது. 2005 வாக்கில் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரத்தின் பெரும்பகுதி செம்பனைக்கு இடம் விட்டிருந்தது. நீலாயைச் சுற்றிய தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிக்கொண்டிருந்தன. குலை அறுக்கும் வேலைக்கு இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வந்திருந்தனர். இந்தப் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் செனவாங் தொழிற்சாலைகளுக்கு பஸ் ஏறினார்கள். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தைப் பார்த்தே இராத பிள்ளையின் விரல்களில் பால்வெட்டுக் கத்தியைத் தேடுவது ஆய்வாகாது. அது அவர்களைக் கூலிகளாகவே காண விரும்பும் பார்வை என்று சொல்லவும் தயங்கமாட்டேன்.

கொரியர் படிநிலையை விரும்புபவர் என்பதும் கொரியாவிலேயே பொய்த்திருக்கிறது. லினியேஜ் 2இன் பார்ட்ஸ் சர்வரில் வேட்டைக்களங்களை வளைத்து வரி விதித்த வலிய சங்கத்துக்கு எதிராக, 2004 முதல் எளிய ஆட்டக்காரர்கள் கவசம்கூட இல்லாமல் உள்ளாடைப் படை என்ற பெயரில் திரண்டார்கள். மேப்பிள்ஸ்டோரியை வெளியிட்ட நெக்ஸானோ 2010இன் பிக் பேங் மாற்றத்தில், தனியாகவே விரைந்து லெவல் ஏறும் வழியைத் தானே திறந்துவிட்டது. மாறாத தேசியச் சுவை ஒன்று இருந்திருந்தால் அந்த மாற்றத்துக்கு அவசியம் இருந்திராது. 2023இல் அந்தப் பழைய விளையாட்டை மீட்டெடுத்த மேப்பிள்லேண்ட் கொரியாவில் பெருங்கூட்டத்தை ஈர்த்தது. அந்தக் கூட்டமும் கெர்னிங் வாசலில் முண்டியடித்தது என்றால் சியோலுக்கும் சிரம்பானுக்கும் பொதுவான ஒரு காரணத்தைத் தேட வேண்டும். தேடலைத் தொடங்க வேண்டிய இடம் நான்கு கயிறுகளில் மூன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அந்த விதி.